இல்லத்தில் அறிவியல்: வலிமை வேறு, செறிவு வேறு



‘நீர் மிகுதியாகக் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் வலிமை குன்றிய அமிலம்’ என்று எழுதி, மதிப்பெண் இழக்கும் பிள்ளைகள் உண்டு. நீர் சேர்ந்தால் மோர் நீர்த்துப்போகிறது; அமிலம் மட்டும் எவ்வாறு வலிமை குன்றாதிருக்கும் என்று அவர்கள் வினவினால், பெற்றோராகிய நாம் யாது விடை கூறுவோம்?

பேச்சு வழக்கில் ‘கடுமை’ என்னும் ஒரே சொல்லால் இரு தன்மைகளைக் குறித்துவிடுகிறோம்; குழப்பம் ஆங்கே பிறக்கிறது. நீரில் அமிலம் எவ்வளவு கரைந்துள்ளது என்பது செறிவு. கரைந்த மூலக்கூறுகளில் எத்துணைப் பங்கு பிரிந்து ஹைட்ரஜன் அயனியைத் தருகிறது என்பது வலிமை. ஆங்கிலப் பாடநூல் கூறும் ‘கான்சென்ட்ரேட்டட்’ முன்னது; ‘ஸ்ட்ராங்’ பின்னது.

லிட்டருக்கு 0.1 மோல் கரைந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஏறத்தாழ எல்லா மூலக்கூறுகளும் பிரிந்துவிடுகின்றன. அதே செறிவுள்ள அசெட்டிக் அமிலத்தில் 1000 மூலக்கூறுகளுக்கு ஏறத்தாழ 13 மட்டுமே பிரிகின்றன. வினிகருக்குப் புளிப்பூட்டுவது இவ்வமிலமே. முன்னதன் பி.எச். எண் 1, பின்னதன் எண் ஏறத்தாழ 2.9. எண் குறையக் குறைய அமிலத்தன்மை மிகும்.

இனி, முன்னதை மட்டும் நீர் கலந்து நூறு மடங்காகப் பெருக்குவோம். அதன் எண் 3 ஆகிவிடும்; அமிலத்தன்மையில் அசெட்டிக் கரைசலுக்கும் சற்றுத் தாழ்ந்துவிடும். ஆயினும் மூலக்கூறுகள் யாவும் பிரிந்தே நிற்பதால், அது வலிமை மிக்க அமிலமே. குறைந்தது செறிவுதான். காரங்களுக்கும் இதுவே விதி: காஸ்டிக் சோடா நீரில் முற்றும் பிரியும்; அம்மோனியா சிறிதளவே அயனிகளைத் தரும்.

இக்கொள்கைக்கு வித்திட்ட ஆய்வுரையை 1884இல் சுவீடன் நாட்டு அரீனியஸ் அளித்தபோது, உப்சாலா பல்கலைக்கழகத்தார் அதற்குத் தாழ்ந்த தரமே வழங்கினர். அவரே 1903இல் நோபெல் பரிசு பெற்றார். மதிப்பெண் இழந்து வாடும் பிள்ளைக்கு இதனையும் சொல்லுங்கள்.

ஒன்றை மறத்தலாகாது. ‘வலிமை குன்றியது’ என்பதற்குத் ‘தீங்கற்றது’ என்று பொருளன்று. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வலிமை குன்றிய வகையே. ஆயினும் அது கண்ணாடியை அரிக்கும். உடலிற் பட்டால் உயிருக்கும் ஊறு செய்யும். செறிந்த அசெட்டிக் அமிலமும் தோலைப் புண்ணாக்கும். ஆதலின் வீட்டிலுள்ள எந்தத் திராவகத்தையும் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வையாதீர். தோலிலோ கண்ணிலோ பட்டால், உடனே தண்ணீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவரை நாடுக.