நிரப்ப இயலாத படிவத்தின் விலை

எழுபது வயதைக் கடந்த என் முன்னாள் சக பேராசிரியர் ஒருவர், ஓய்வூதியம் தொடர்பான பிடிஎஃப் படிவம் ஒன்றைக் கைப்பேசியிலேயே நிரப்பி மின்னஞ்சலில் அனுப்பினார். படிவம் காலியாக உள்ளது, மீண்டும் அனுப்பவும் என்று பதில் வந்தது. மூன்றாம் முறையும் அதே பதில். அவருடைய கைப்பேசியிலோ விவரங்கள் அனைத்தும் தெளிவாகத் தெரிந்தன. இறுதியில் அச்சிட்டு, பேனாவால் நிரப்பி, பேருந்தேறிச் சென்று நேரில் கொடுத்துவிட்டு வந்தார்.

தவறு அவருடையதன்று. இத்தகைய படிவத்தில் நாம் தட்டச்சிடும் விவரம் ஓரிடத்திலும், திரையில் அது தெரிய வேண்டிய தோற்றம் வேறோரிடத்திலும் பதிவாகின்றன. சில செயலிகள் முன்னதை மட்டும் எழுதிவிட்டுப் பின்னதை விட்டுவிடுகின்றன. பெறுபவரின் மென்பொருள் தோற்றத்தை மட்டும் தேடினால் கட்டங்கள் வெறுமையாகவே தெரியும். நிரப்பிய படிவத்தை 'பிரிண்ட்' கட்டளை வழியாக மீண்டும் பிடிஎஃப் ஆகச் சேமித்து அனுப்பினால் இச்சிக்கல் பெரும்பாலும் தீரும். ஆனால், இதை விண்ணப்பதாரர் எங்ஙனம் அறிவார்?

இன்னொரு வகைப் படிவம் திறக்கவே மறுக்கும். சற்றே காத்திருக்குமாறு கூறும் ஆங்கில வாசகத்தோடு நின்றுவிடும். எக்ஸ்எஃப்ஏ என்னும் முறையில் உருவான படிவங்கள் இவை. கணினியில் அடோபி ரீடர் போன்று இம்முறையை ஆதரிக்கும் மென்பொருள் கொண்டு திறந்தால்தான் முறையாக இயங்கும். 2017-இல் வெளியான பிடிஎஃப் 2.0 தரநிலையே இம்முறையைக் கைவிடத்தக்கதென ஒதுக்கிவிட்டது. மத்திய கம்பெனி விவகாரத் துறை அமைச்சகமும் 2022 முதல் படிப்படியாக இணையவழிப் படிவங்களுக்கு மாறியது.

தமிழில் நிரப்புவோரின் பாடு தனி. படிவக் கட்டத்துக்கு ஹெல்வெட்டிகா போன்ற ஆங்கில எழுத்துருவை மட்டும் ஒதுக்கியிருந்தால், தமிழ் எழுத்துகள் வெற்றுச் சதுரங்களாகிவிடும். சில மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் விழும். எழுத்து வரம்பு இதைவிடக் கொடிது. 'முத்துலட்சுமி' என்பது நம் கண்ணுக்கு 7 எழுத்து. ஒருங்குறியில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் கணினிக்கு அது 13. பத்தெழுத்து வரம்பிட்ட கட்டத்தில் அப்பெண்மணியின் பெயர் பாதியில் அறுந்துவிடும். பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பவும் அதுவே காரணமாகலாம். ஒருங்குறியைத் தமிழக அரசு 2010-இலேயே தரமாக ஏற்றது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

பொருளியலில் இதைப் பரிவர்த்தனைச் செலவு என்போம். அலுவலகம் சேமிக்கும் அரை மணி நேரம் ஆயிரக்கணக்கான குடிமக்களின் அரை நாளாகவும், கணினி மையத்தில் தரும் கட்டணமாகவும் மாறுகிறது. இச்செலவு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் ஏறுவதில்லை. அமெரிக்காவில் 1980-இல் இயற்றப்பட்ட ஆவணச் சுமைக் குறைப்புச் சட்டத்தின்படி, ஒரு படிவத்தை நிரப்ப மக்களுக்கு எவ்வளவு நேரமாகும் என்பதை அதை வெளியிடும் மத்திய அரசுத் துறையே மதிப்பிட்டாக வேண்டும். மதிப்பீடு துல்லியமா என்பது வேறு, கேள்வியாவது எழுப்பப்படுகிறது.

இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. படிவத்தை வெளியிடும் முன் அலுவலர் ஒருவர் விலை குறைந்த கைப்பேசி ஒன்றில் அதைத் திறந்து, நீண்ட தமிழ்ப் பெயர் ஒன்றை இட்டு, சேமித்து, அடுத்த மேசைக் கணினிக்கு அனுப்பி, அங்கே தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.