பெயர்ப்பலகையைத் தாண்டி வேலையைப் பார்ப்போம்

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை பிற்பகல். கடையில் சாப்பிட்டுவிட்டுக் கைப்பேசியை நீட்டியவர்களுக்குப் பணம் போகவில்லை. ஏடிஎம் இயந்திரங்களும் கைவிட்டன. டிபிஎஸ், சிட்டிபேங்க் ஆகிய இரு வங்கிகளின் சேவைகள் தடைபட்டிருந்தன. ஒரு தரவு நிலையத்தில் குளிர்விப்பு முறை பழுதாகி வெப்பநிலை கூடியதுதான் தொடக்கம். மாற்று நிலையங்களுக்குச் சேவையைத் திருப்ப முயன்றபோது ஒரு வங்கியில் கட்டமைப்பு அமைவுப் பிழை குறுக்கே வந்தது. மற்றொன்றில் இணைப்புக் கோளாறு. ஏறத்தாழ 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை என்று பின்னர் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது.

அன்று பலருக்குப் புரிந்த உண்மை ஒன்று உண்டு. தரவைச் சேமித்து வைத்தால் மட்டும் போதாது. ஓர் இடம் விழுந்தாலும் இன்னோர் இடம் அதே கணக்குடன் எழுந்து நிற்க வேண்டும். இதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இருக்கின்றன. பல கணினிகளில், சில வேளைகளில் பல நகரங்களில், ஒரே நேரத்தில் பரவி இயங்கும் தரவுத்தளங்களை அவை உருவாக்குகின்றன. பரவல் தரவுத்தளம் இருந்திருந்தால் அன்றைய தடங்கலே வந்திருக்காது என்று நாம் சொல்லவில்லை. கட்டமைப்பு அமைவில் பிழை இருந்தால் எந்த மென்பொருளும் தடுமாறும். ஆனால், இத்தகைய அமைப்புகளின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்தவர்கள் நமக்கு அதிகம் தேவை என்பதை அந்த நாள் காட்டியது.

இதை இந்தப் பக்கத்தில் பேசக் காரணம் உண்டு. ஓர் இளையரை நினைத்துப் பாருங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரி, பிறகு பல்கலைக்கழகம், அதன் பிறகு பெரிய நிறுவனம் ஒன்றின் தரவுப் பொறியியல் பிரிவில் நான்கு ஆண்டு வேலை. சம்பளம் சரியாக வருகிறது. ஆண்டு இறுதியில் கூடுதலாக ஒரு மாதச் சம்பளம், மருத்துவக் காப்புறுதி, வீவக வீட்டுக்கு விண்ணப்பம் என எல்லாம் ஒழுங்காகப் போகிறது. உறவினர்கள் கேட்டால் நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் போதும். அவருக்குப் பரவல் தரவுத்தள நிறுவனம் ஒன்றிலிருந்து வேலை வாய்ப்பு வருகிறது. இரவுச் சாப்பாட்டின்போது சொல்கிறார். “அது என்ன கம்பெனி? பேரே கேள்விப்பட்டதில்லையே!” என்கிறார் அம்மா. கேள்வி நியாயமானதுதான். இத்துறையில் புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றின் பெயரே காக்ரோச் லேப்ஸ். எதற்கும் சாகாத பூச்சி என்பதால் கரப்பானின் பெயரை வைத்தார்களாம். இதை வீட்டில் விளக்குவது எளிதன்று!

ஆனால், பெயர் தெரியவில்லை என்பதற்காக மட்டும் இத்தகைய வாய்ப்பை ஒதுக்குவது சரியில்லை. பெயரை வைத்து மட்டும் ஓடிப் போவதும் சரியில்லை. முதலில் இரு வேலைகளுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பெருநிறுவனத்தில் தரவுப் பொறியாளர் செய்வது என்ன? கிளைகளிலிருந்தும் செயலிகளிலிருந்தும் வரும் தரவை எடுத்து, சுத்தம் செய்து, ஓரிடத்தில் சேர்த்து, மேலாளர்கள் காலையில் வந்ததும் பார்க்க அறிக்கையாக்குகிறார். எஸ்கியூஎல், பைத்தான், ஸ்பார்க், ஏர்ஃபுளோ போன்றவை அவருடைய கருவிகள். இரவில் ஓட வேண்டிய வேலை நின்றுவிட்டால், காரணத்தைக் கண்டுபிடித்துத் திரும்ப ஓட விடலாம். மூலத் தரவு வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்கிறது.

தரவுத்தள நிறுவனத்தில் நிலைமை வேறு. அங்கே அந்த மூலத் தரவைக் காப்பதே வேலை. பிழை நேர்ந்தால் திரும்ப ஓட விட முடியாது. வாடிக்கையாளரின் பணக்கணக்கு தவறிவிட்டால் தவறியதுதான்.

இதற்கு அவர்கள் கையாளும் வழியை எளிதாகச் சொல்லலாம். ஒரே தரவுக்கு மூன்று பிரதிகள், மூன்று கணினிகளில். ஒரு புதிய பதிவு வந்தால், குறைந்தது இரண்டு கணினிகள் அதை எழுதி வைத்த பிறகே ‘சரி, பதிவாயிற்று’ என்ற பதில் போகும். ஒன்று விழுந்தாலும் மற்ற இரண்டும் சேர்ந்து வேலையைத் தொடரும். ஐந்து பிரதிகள் என்றால் இரண்டு விழலாம். சரி, கணினிகள் நன்றாக இருந்து, அவற்றுக்கிடையே உள்ள இணைப்பு மட்டும் அறுந்தால்? கணக்கில் 100 வெள்ளி இருக்கிறது. இரு பக்கமும் தனித்தனியே 100 வெள்ளியைக் கொடுத்துவிட்டால் வங்கிக்கு நட்டம். ஆகவே, பெரும்பான்மை இல்லாத பக்கம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இணைப்பு அறுந்த நேரத்தில் சரியான பதிலையும் இடைவிடாத சேவையையும் ஒருங்கே தர இயலாது என்று எரிக் புரூவர் 2000ல் முன்வைத்த கருத்தை, 2002ல் கில்பர்ட், லின்ச் இருவரும் நிறுவிக் காட்டினர்.

தூரமும் ஒரு சிக்கல். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் செல்லும். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். தகவல் போய்த் திரும்ப 3 மில்லிவிநாடி போதும். 10,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பிராங்பர்ட் என்றால் குறைந்தது 100 மில்லிவிநாடி. எவ்வளவு விலையுயர்ந்த கணினி வாங்கினாலும் இதைக் குறைக்க முடியாது. எந்தப் பிரதியை எந்த நகரத்தில் வைப்பது என்பதே இதனால் ஒரு பெரிய பொறியியல் முடிவாகிறது.

இந்தத் துறை திடீரென்று முளைத்ததன்று. 1970ல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட், தரவை அட்டவணைகளாகப் பார்க்கும் முறையை வகுத்தார். இன்று மாணவர்கள் படிக்கும் எஸ்கியூஎல் மொழியின் வேர் அதுதான். 1978ல் லெஸ்லி லாம்போர்ட், பல கணினிகளில் எந்தச் செயல் முதலில் நடந்தது என்று முடிவு செய்வது எப்படி என்பதை எழுதினார். 2012ல் கூகல் தனது ஸ்பேனர் தரவுத்தளத்தைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. நேரத்தைப் பிசகாமல் கணிக்க அது அணுக்கடிகாரங்களையே பயன்படுத்தியது. 2014ல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் டியேகோ ஒங்காரோ, ஜான் அவுஸ்டர்ஹவுட் இருவரும் ‘ராஃப்ட்’ என்ற முறையை வெளியிட்டனர். முன்பு இருந்த முறை புரிந்துகொள்ளக் கடினமாக இருக்கிறது, எளிதில் புரியும் ஒன்று வேண்டும் என்பதே அவர்களது வெளிப்படையான நோக்கம். மேலே சொன்ன பெரும்பான்மைக் கணக்கு இன்று பல தரவுத்தளங்களில் ராஃப்ட் வழியேதான் நடக்கிறது.

பிறகு நிறுவனங்கள் வந்தன. 2015ல் கூகலில் முன்பு பணியாற்றியவர்கள் நியூயார்க்கில் காக்ரோச் லேப்ஸைத் தொடங்கினர். அதே ஆண்டில் சீனாவில் பிங்கேப் தொடங்கியது. 2016ல் கண்ணன் முத்துக்கருப்பன், கார்த்திக் ரங்கநாதன், மிகைல் பௌடின் மூவரும் யுகபைட் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் மூவரும் அதற்குமுன் பேஸ்புக்கில் பெரிய தரவு அமைப்புகளில் பணியாற்றியவர்கள்.

இங்கே நம் இளையர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. இந்நிறுவனங்களைத் தொடங்கியவர்கள் பெரிய நிறுவனங்களில் தரவு அமைப்புகளை நடத்தி, அவை எங்கே உடைகின்றன என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள். ஆகவே, நான்கு ஆண்டு தரவுப் பொறியியல் வேலை வீணாகிவிடாது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாளில் தரவுத்தளம் எப்படித் திணறும், வாடிக்கையாளர் எந்த இடத்தில் பொறுமை இழப்பார், ஆவணத்தில் இல்லாத எந்தத் தகவலைத் தேடுவார் என்பவை அவருக்குத் தெரியும். அது அந்த நிறுவனங்களுக்குத் தேவைப்படும் அறிவு. தரவுத்தளத்தின் உட்கருவை எழுதுவது மட்டுமே அங்கு வேலையன்று. வாடிக்கையாளருக்குத் தீர்வு வகுப்பது, பழைய தரவுத்தளத்திலிருந்து மாற்றித் தருவது, மற்ற மென்பொருள்களுடன் இணைப்பது, சோதிப்பது என்று பல வாசல்கள் உள்ளன. அவற்றில் ஒன்றின் வழியே நுழைந்து, சில ஆண்டுகளில் உட்கருவை நோக்கி நகரலாம்.

அதே நேரத்தில் இழப்புகளையும் மறைக்கக்கூடாது. பெருநிறுவனத்தில் காலையில் எழுதிய நிரலின் பயனை மாலையில் பார்க்கலாம். தரவுத்தளத்தில் ஒரு சிறு மாற்றத்தைச் சோதிக்கவே பல வாரங்கள் ஆகலாம். 2013 முதல் கைல் கிங்ஸ்பரி என்பவர் ‘ஜெப்சன்’ என்ற முறையில் தரவுத்தளங்களின் இணைப்பை வேண்டுமென்றே அறுத்துப் பார்த்து, கண்ட பிழைகளை ஊரறிய வெளியிட்டு வருகிறார். தன் வேலை இப்படிப் பலர் முன் சோதிக்கப்படுவதைத் தாங்கும் மனம் வேண்டும். விரைவான பாராட்டை விரும்புபவருக்கு இந்த வேலை ஒத்துவராது.

நிறுவனம் நிலைக்குமா என்பது அடுத்த கேள்வி. பொறியாளர்கள் மெச்சிய ஃபவுண்டேஷன்டிபியை 2015ல் ஆப்பிள் வாங்கியது. பொதுமக்கள் அதைப் பதிவிறக்கும் வழி உடனே மூடப்பட்டது. 2018ல்தான் அதன் நிரல் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டது. 2016ல் ரீதிங்க்டிபி நிறுவனம் மூடப்பட்டது. மென்பொருளை விரும்பியவர்கள் பலர் இருந்தும், நிறுவனத்தை நடத்தப் போதிய வருமானம் வரவில்லை. நல்ல பொறியியல் மட்டுமே சம்பளம் தந்துவிடாது என்பதற்கு இது பாடம்.

ஆகவே, சம்மதம் சொல்லும் முன் சில கேள்விகளை நேரடியாகக் கேட்க வேண்டும். புதிய முதலீடு வராவிட்டால் இருக்கும் பணம் எத்தனை மாதத்துக்குப் போதும்? சம்பளத்தைக் குறைத்து நிறுவனப் பங்குரிமை தருவதாகச் சொன்னால், அது எப்போது கைக்கு வரும்? நான்கு ஆண்டுகளில் பிரித்துத் தருவதும், முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடைக்காமல் போவதும் பரவலான வழக்கம். விற்க முடியாத பங்கால் வீட்டுக் கடனைக் கட்ட முடியாது. எந்தக் குழு? யார் கற்றுத் தருவார்? நள்ளிரவில் அழைப்பு வந்தால் எழுந்திருக்கும் முறை எப்படி? இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லாத நிறுவனத்தை நம்பி இருக்கும் வேலையை விட வேண்டியதில்லை. குறைந்தது ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் இருப்பதும் நல்லது. குடும்பத்தின் முழுப் பொறுப்பும் ஒருவர் தோளில் இருந்தால், அவர் இன்னும் இரண்டு ஆண்டு காத்திருப்பதில் வெட்கமில்லை.

காத்திருக்கும் காலத்தைக் கற்கும் காலமாக்கலாம். படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். கருவிகளின் பெயர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும். இயங்குதளம், கணினிக் கட்டமைப்பு, தரவு அமைப்புமுறை ஆகிய அடிப்படைகள் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை. தேர்வுக்காகப் படித்து மறந்த இப்பாடங்களே இந்த வாசலைத் திறக்கும் சாவி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் தரவுத்தள வகுப்புகளும் எம்ஐடியின் பரவல் அமைப்பு வகுப்புகளும் யூடியூப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. எம்ஐடி பாடத்தின் பயிற்சிகளில் ராஃப்ட் முறையை ‘கோ’ மொழியில் மாணவரே எழுத வேண்டும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் ஒருவர், மாலை நேரத்தில் தம் மடிக்கணினியிலேயே அதைச் செய்து பார்க்கலாம். முதல் சில வாரங்கள் ஒன்றும் ஓடாது. பிறகு ஒரு நாள் ஒரு கணினியை நிறுத்தியும் மற்ற இரண்டும் தொடர்ந்து ஓடும். அந்த அனுபவம் பல சான்றிதழ்களுக்குச் சமம்.

அடுத்து, பிங்கேப் உருவாக்கிய டைடிபி போன்ற தரவுத்தளங்களின் நிரல் எவரும் படிக்கத் திறந்திருக்கிறது. ஆவணத்தில் உள்ள ஒரு பிழையைத் திருத்துவதிலிருந்து தொடங்கலாம். அதை மூத்த பொறியாளர் ஒருவர் பார்த்து, இங்கே மாற்று, அங்கே சோதி என்று எழுதுவார். கட்டணம் இல்லாமல் கிடைக்கும் ஆசிரியர் அவர். ஓராண்டு இப்படிச் செய்தவர், வேலை மாறலாமா வேண்டாமா என்பதைத் தம் அனுபவத்தாலேயே முடிவு செய்துவிடுவார். இந்த வேலை தமக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தால் அதுவும் லாபமே. இருந்த இடத்திலேயே, தம் கருவிகளை ஆழமாகப் புரிந்துகொண்ட தரவுப் பொறியாளராக அவர் தொடர்வார்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். “எந்தக் கம்பெனி?” என்ற கேள்வியை விட வேண்டாம். அதோடு, “அங்கே போனால் என்ன கற்றுக்கொள்வாய்? அது நின்றுவிட்டால் உனக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும்?” என்ற இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். பிள்ளை தெளிவாகப் பதில் சொன்னால், அவர் யோசித்துத்தான் முடிவெடுக்கிறார் என்று பொருள். பதில் தடுமாறினால், இன்னும் சில மாதம் தயாராகட்டும் என்று சொல்லுங்கள். பெரிய பெயர்கள் நம் முந்தைய தலைமுறைக்குப் பாதுகாப்பைத் தந்தன. அதை மறுக்க முடியாது. இனி வரும் ஆண்டுகளில் அந்தப் பாதுகாப்பு, நிறுவனத்தின் பெயரைவிட நம் பிள்ளைகளின் ஆழ்ந்த அறிவிலிருந்தே அதிகம் வரும் என்பது நமது கருத்து. அந்த அறிவைத் தேடிப் போகும் இளையரை, தகுந்த கேள்விகளைக் கேட்ட பிறகு, மனநிறைவோடு அனுப்பி வைப்போம்.