கட்டுரை இடது கை வேலையா?

கதை எழுதுகிறவர்தான் படைப்பாளி, கட்டுரை அவருக்கு இடது கை வேலை என்ற எண்ணம் நம் வாசகர்களிடம் ஆழமாக வேரூன்றிவிட்டது. ஓர் எழுத்தாளர் மறைந்தால் அஞ்சலிக் குறிப்பில் நாவல்களும் சிறுகதைகளும் வரிசையாக வரும். கட்டுரைகள் கடைசி வரியில் ஒதுங்கும். இந்த எண்ணத்தால், நம் கால வாழ்க்கையைப் பற்றி அவர் சொன்ன சாட்சியத்தில் பாதியை நாமே தள்ளுபடி செய்துவிடுகிறோம்.

அசோகமித்திரனை எடுத்துக்கொள்வோம். 1952இல் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் பத்தாண்டுகளுக்கும் மேல் வேலை பார்த்தவர். பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அங்கே அவருடைய வேலை. திரையுலகை அருகிலிருந்து பார்த்த அவர் 'கரைந்த நிழல்கள்' நாவலை எழுதினார். ஜெமினி அதிபர் வாசனிடம் வேலை பார்த்த நாட்களைப் பற்றி ஆங்கிலத்தில் 'மை இயர்ஸ் வித் பாஸ்' என்ற நினைவுக் கட்டுரைகளையும் எழுதினார்.

அந்தக் கட்டுரைகளில் ஓர் 'ஆபீஸ் பாய்' வருகிறார். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கூட்டக் காட்சி எடுக்கும் நாளில் பெரிய பாத்திரத்தில் சாயம் கலக்கித் துணை நடிகர்களின் முகங்களில் அப்புவார். நடிகராகவோ இயக்குநராகவோ ஆகும் கனவோடு வந்தவர். தான் முன்னுக்கு வராததற்கு ஸ்டூடியோவில் செல்வாக்கோடு இருந்த கொத்தமங்கலம் சுப்புதான் காரணம் என்று நம்பி, அந்தக் கசப்பையெல்லாம் அசோகமித்திரனின் சின்ன அறைக்கு வந்து கொட்டுவார்.

நாவலிலும் இத்தகையவர்களே நிறைந்திருக்கிறார்கள். தயாரிப்பு நிர்வாகி நடராஜனைப் போல, ஒரு படத்தை நம்பி நின்று, அது நின்றுபோனதும் சிதறிப்போகிறவர்கள். நாவல் அவர்கள் வீட்டுக்குள்ளும் மனதுக்குள்ளும் நம்மை அழைத்துப் போகிறது. கட்டுரையோ வாசன், சுப்பு என்று பெயர் சொல்லி, இன்ன இடத்தில் இது நடந்தது என்று பொறுப்பேற்கிறது. ஒன்று செய்வதை மற்றது செய்ய முடியாது.

"கட்டுரைக்குத் தகவல் போதுமே, கற்பனை எதற்கு?" என்பார்கள். அத்தனை பேர் நடமாடிய ஸ்டூடியோவில் அந்தச் சாயம் பூசுகிறவர்மீது கண் நின்றதே, அதைத் தகவலறிவு செய்யவில்லை. நாவலாசிரியரின் கண் செய்தது. அதோடு, இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் கட்டுரையாளருக்கு உண்டு. அதற்குள் நின்று ஒரு மனிதரை உயிரோடு எழுப்புவது எந்த வகையில் குறைந்த கலை?

தமிழுக்கான முதல் சாகித்திய அகாதெமி விருது 1955இல் ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழ் இன்பம்' என்ற கட்டுரை நூலுக்குத்தான் கிடைத்தது. அன்று இருந்த மதிப்பை இடையில் நாம்தான் தொலைத்தோம். அதன் விலையை இன்று எழுத வருகிறவர்கள் கொடுக்கிறார்கள். கண்ணால் கண்ட ஆலையையும் அலுவலகத்தையும் நேராக எழுதினால் இலக்கியமாகாது என்று அஞ்சி, அரைகுறைக் கதையாக மாற்றுகிறார்கள். அதில் கதையும் தேறுவதில்லை, உண்மையும் தங்குவதில்லை.

ஓர் எழுத்தாளரை மதிப்பிட வேண்டுமானால் அவர் எழுதிய இரண்டையும் படியுங்கள். கட்டுரைகளைப் படிக்காமல் அசோகமித்திரனைப் படித்துவிட்டதாகச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.