கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலை

பி.காம் படிக்கிறவனுக்குக் கருப்புத் திரையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். சாயங்காலம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் பதிகிறேன். 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்' என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் பிரிண்டர் முதல் ஏசி ரிமோட் வரை எல்லாம் நம் தலையில்தான்!

அங்கே ஒரு பழைய கணக்கு மென்பொருள். அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டினால்தான் ஒழுங்காக ஓடும். தினமும் பாஸ்வேர்டு போட்டுத்தரச் சொல்லி சாரிடம் ஓட வேண்டும். கடுப்பாகி ஒரு பேட்ச் ஃபைல் எழுதினேன். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கும் ரன்அஸ் கட்டளை பாஸ்வேர்டைக் கையால் அடித்தால்தான் ஏற்கும். ஃபைலில் எழுதி வைக்க விடாது. நல்ல குணம். ஆனால் கூடவே 'சேவ்கிரெட்' என்று சேர்த்தால் ஒரு தடவை கேட்டு, ஞாபகம் வைத்துக்கொள்ளும். சார் வந்து அடித்துவிட்டுப் போனார். எனக்கு ஃபில்டர் காபி, பாராட்டு, எல்லாம் கிடைத்தது.

இரண்டு வாரம் கழித்து ஆடிட்டிங் வகுப்பு. பணம் வாங்குகிறவரே கணக்கும் எழுதக்கூடாது என்ற பழைய பாடம்தான். திடீரென்று வயிற்றைக் கலக்கியது. விண்டோஸ் ஞாபகம் வைத்திருப்பது அந்த மென்பொருளுக்காக இல்லையே, அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்காக அல்லவா?

மறுநாள் அதே வரியில் மென்பொருளின் பெயரை எடுத்துவிட்டு கமாண்ட் பிராம்ப்டின் பெயரைப் போட்டேன். ஒரு கேள்வி இல்லாமல் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தது. நாலு பேர் ஒரே லாகினில் உட்காரும் மெஷின் அது. கட்சிக்காரர்களின் வருமான வரிக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

"சின்ன ஆபீஸ், யார் என்ன பண்ணப் போறாங்க?" என்றான் நண்பன். கல்லாப்பெட்டியைத் திறந்து போட்டுவிட்டும் இதையேதான் சொல்வார்கள். ஸ்கிரிப்ட் எழுதியது தப்பில்லை. ஒரு அறைக்குள் போக வேண்டியவனுக்கு வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுத்ததுதான் தப்பு. நோண்டிப் பார்த்தால் அந்த மென்பொருளுக்கு வேண்டியிருந்தது தன் ஃபோல்டரில் எழுதும் அனுமதி மட்டும்! ஐகேக்ல்ஸ் கட்டளையில் ஒரே வரி. அட்மின் உரிமை நிஜமாகவே வேண்டும் என்றால் டாஸ்க் ஷெட்யூலரில் அந்த ஒரு வேலைக்கு மட்டும் கொடுக்கலாம் (அது இயக்கும் ஃபைலை மற்றவர்கள் மாற்ற முடிந்தால் அதுவும் வீண்).

சேமித்த பாஸ்வேர்டை அழித்துவிட்டு சாரிடம் போய்ச் சொன்னேன்.

"அப்போ ரெண்டு வாரமா திறந்தா கிடந்துச்சு?"

"ஆமா சார்."

பாஸ்வேர்டை மாற்றினார். அன்றைக்குக் காபி கிடையாது.