காவலோ, காலனோ?

குற்றஞ் செய்து ஓடுபவனைப் பிடிப்பது போலீஸாரின் கடமை; அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஒருவனைப் பிடிக்கும் பொருட்டுக் குற்றமற்ற பலரின் உயிரைப் பணயம் வைக்கும் உரிமையை அவர்களுக்கு அளித்தவர் யார் என்று கேட்கின்றோம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மோட்டார் கார் ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் கடக்கும். 120 ஆயின் 33 மீட்டர். வேகம் இருமடங்கானால், பிரேக் போட்ட பின் வண்டி ஓடி நிற்கும் தூரமோ நான்கு மடங்காகின்றது. இது இயற்கை விதி. உடுப்பைக் கண்டு அது இரங்காது. சைரன் நெருங்க நெருங்க முன்னே ஓடுபவன் வேகத்தைக் கூட்டுகின்றான். பின்வரும் போலீஸ் காரும் கூட்டுகின்றது. அவ்விருவரும் அபாயத்தைத் தாமே தேடிக்கொண்டவர்கள். பெரட்டுக்குச் சைக்கிளில் செல்லும் தோட்டத் தொழிலாளியும், பள்ளிக்குச் சாலையைக் கடக்கும் பிள்ளையும் எதனைத் தேடினர்?

நம் நாட்டிலேயே நிகழ்ந்ததொன்றை நினைவூட்டுவோம். 2010 ஏப்ரல் 26ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், ஷா ஆலமில் 14 வயதுப் பள்ளிச் சிறுவன் லைசென்ஸ் இன்றிக் கார் ஓட்டிச் சென்றான். போலீஸார் துரத்தினர், சுட்டனர், சிறுவன் மாண்டான். சுட்ட காவலருக்கு 2011இல் விதிக்கப்பட்ட தண்டனையை 2012இல் உயர் நீதிமன்றம் நீக்கிற்று. தீர்ப்பு எவ்வாறாயினும், லைசென்ஸ் இன்றி ஓட்டியதற்கும் நிற்காமல் ஓடியதற்கும் சட்டம் வகுத்தது மரண தண்டனையன்று.

“ஓடவிட்டால் எல்லோரும் ஓடத் தொடங்குவர்” என்பர் சிலர். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2007இல் இவ்வாதத்தையே ஏற்றது. ஜார்ஜியா மாநிலத்தில் 2001இல், 55 மைல் வரம்புள்ள சாலையில் 73 மைல் வேகத்தில் சென்ற 19 வயது வாலிபன் நிற்காமல் ஓடினான். துரத்திய போலீஸ் கார் அவன் வண்டியைப் பின்னின்று இடித்தது. கழுத்துக்குக் கீழ் அவன் உடல் செயலற்றுப் போயிற்று. எட்டு நீதிபதிகள் போலீஸார் பக்கம் நின்றனர். மறுத்த ஒரே நீதிபதியோ, வண்டியின் நம்பர் போலீஸாருக்குத் தெரிந்திருந்தது, பின்னர்ப் பிடித்திருக்கலாம் என்றார். அவ்வொருவர் பக்கமே நாமும் நிற்கின்றோம்.

எதிர்வாதத்துக்கு ஆதாரமும் உண்டு. அதனை மறைக்க மாட்டோம். நியூசிலாந்துப் போலீஸார் 2020 டிசம்பரில் துரத்தலுக்குக் கடும் வரம்பிட்டனர். நிற்காமல் ஓடுவோர் தொகை பெருகிற்று. 2022 இறுதியில் வரம்பைத் தளர்த்துவதாக அறிவித்தனர். ஓடுவோர் பெருகுவது நஷ்டமே. எனினும், கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் ஒன்றறிவோம்: நிலுவையில் நிற்கும் கடனை நாளை வசூலிக்கலாம், மாண்ட உயிரை எந்தப் பேரேட்டிலும் வரவு வைக்க முடியாது.

ஆகவே நாம் கோருவது இதுவே. விட்டால் அக்கணமே பிறர் உயிருக்கு ஆபத்து என்றால் துரத்துக. சாலைக் குற்றத்துக்கும் சில்லறைத் திருட்டுக்கும் நம்பரைக் குறித்து, ரேடியோவில் முன்னே செய்தி அனுப்பி, வீட்டு வாசலில் சென்று பிடிக்க. நம்பர் பொய்யாயினும், எந்தக் காரும் ரேடியோவை முந்தாது. இவ்விதியை எழுத்தில் வகுத்துப் பொதுமக்கள் அறிய வெளியிடுக. கள்வனிடமிருந்து நம்மைக் காக்க வந்தவர் கையிலேயே நாம் மடிவோமாயின், அதற்குக் காவல் என்று பெயரிடலாமோ?