பாச்சை உருண்டையும் பம்பரமும்

பட்டுப்புடவைப் பெட்டியைத் திறந்ததும் குப்பென்று ஒரு நெடி வருமே, அந்தப் பாச்சை உருண்டைச் சரக்கான நாப்தலீனைக் கொண்டு அணுவை ஆராய்ந்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? டோக்கியோவுக்கு அருகேயுள்ள ரிக்கென் நிலையத்தில் இது நடந்தது.

ஹீலியம்-6 என்று ஓர் அணுக்கரு. சாதாரண ஹீலியத்தில் நியூட்ரான் இரண்டு, இதில் நான்கு. அற்பாயுசு வேறு. அரை ஆயுள் 0.8 விநாடிதான். குறியாக நிறுத்தி வைக்க நேரமேது? ஆகவே அதைப் பறக்கவிட்டு, புரோட்டான்கள் மேல் மோதச் செய்கிறார்கள்.

புரோட்டான் ஒவ்வொன்றும் ஒரு பம்பரம். அவை ஒரே பக்கமாகச் சுழன்றால்தான், இடப்புறம் எத்தனை சிதறின, வலப்புறம் எத்தனை என்று எண்ணி, சுழற்சியைப் பொறுத்த விசையை அறியலாம். அப்படித் திருப்ப, வழக்கமாக மைனஸ் 272 டிகிரிக்கும் கீழான குளிரும் 2.5 டெஸ்லா காந்தமும் வேண்டும். ஆனால் மோதலில் தெறிக்கும் புரோட்டானுக்கு வேகம் குறைவு. பலத்த காந்தம் அதன் பாதையை வளைத்துவிடும். சாட்சியே திசைமாறிப் போனால் வழக்கு என்ன ஆவது?

இங்கேதான் நாப்தலீன் கைகொடுத்தது. அதன் படிகத்தில் துளி பென்டசீன் கலந்து லேசர் ஒளி பாய்ச்சினார்கள். பென்டசீனின் எலெக்ட்ரான்கள் ஒழுங்குபட்டன. அந்த ஒழுங்கை மைக்ரோ அலை புரோட்டான்களுக்கு மாற்றிக் கொடுத்தது. மைனஸ் 173 டிகிரியும் 0.1 டெஸ்லாவுமே போதுமாயிற்று!

2011-ல் வெளியான ஆய்வின்படி, உறுதியான அணுக்கருக்களில் உள்ளதைவிட அந்த விசை ஹீலியம்-6இல் மெலிந்து, அகலப் பரவியிருக்கிறது.

இனிமேல் பெட்டியைத் திறக்கும்போது முகத்தைச் சுளிக்காதீர்கள்!