வெறுமையாய் விடப்பட்ட கட்டங்கள்

குடிகள் தம் கருத்தை நாடறியச் செய்தற்கு அமைந்த கருவி வாக்குச்சீட்டு. அதில் இடப்படும் அடையாளம் மாத்திரமன்று, இடப்படாது விடப்படும் கட்டமும் ஒரு செய்தியைக் கூறும். அச்செய்தி யாதென ஆராய்தல் கற்றோர் கடனாம்.

இலங்கைச் சனாதிபதித் தேர்தலில் வாக்காளர், தாம் முதலாவதாக விரும்பும் அபேட்சகருக்கு நேரே 1 என்றும், வேண்டின் வேறிருவருக்கு 2, 3 என்றும் எழுதலாம். ஒருவரேனும் செல்லுபடியான வாக்குகளிற் பாதிக்கு மேற் பெறாவிடின், முதலிருவர் ஒழிந்த ஏனையோர் நீக்கப்படுவர். நீக்கப்பட்டோர்க்கு விழுந்த சீட்டுகளில் அவ்விருவருக்குக் காட்டப்பட்ட விருப்புகள் பின்னர் எண்ணிச் சேர்க்கப்படும்.

1982 முதல் 2019 வரை நடந்த தேர்தல்களில் இவ்விரண்டாம் எண்ணிக்கை வேண்டப்படவில்லை. 2024 செப்டெம்பர் 21 இல் நடந்த தேர்தலிலேயே முதன்முறை வேண்டப்பட்டது. அநுர குமார திசாநாயக்க அவர்கள் நூற்றுக்கு 42 பங்கும், சஜித் பிரேமதாச அவர்கள் 32 பங்குக்குச் சற்று மேலும் பெற்றனர். ஏனையோர் பெற்ற சீட்டுகள் ஏறக்குறைய 33 இலட்சம். அவற்றில் இவ்விருவருக்கும் சேர்ந்து கிடைத்த விருப்புகளோ 2 இலட்சத்து 73 ஆயிரமே. பன்னிரண்டில் ஒரு பங்கு! முதல் எண்ணிக்கையில் இருவருக்குமிடையே இருந்த வித்தியாசம் 12 இலட்சத்து 71 ஆயிரம். முடிவை ஆராய்ந்த வேளையிற் பேசாதிருந்த சீட்டுகளோ 30 இலட்சம். அவற்றுட் சில, நீக்கப்பட்ட பிறருக்கே விருப்புக் காட்டியிருத்தலுங் கூடும். எனினும் மௌனம் பெரிது என்பதில் ஐயமில்லை.

இதனை மக்களின் சோம்பல் என்பார் உளர். அஃது எமக்கு உடன்பாடன்று. நாற்பதாண்டுக்கு மேலாக ஒருமுறையேனும் எண்ணப்படாத விருப்பை எழுதுவதால் யாது பயன் என்று எண்ணுதல் இயல்பே. புள்ளடி ஒன்றிட்டாலே வாக்குச் செல்லும் என்பதும் அப்பழக்கத்தை வளர்த்தது. அன்றியும், பல பெயர்கள் நிறைந்த நீண்ட சீட்டைக் கையிலேந்தி நிற்பவர், மிகையாக எழுதினால் வாக்குப் பழுதாகுமோ என அஞ்சுதலும் உண்டு. இரண்டாம் விருப்பு முதல்வரைப் பாதிக்கும் என்பதோ முழுத் தவறு. முதல்வர் நீக்கப்பட்ட பின்னரன்றி அஃது எண்ணப்படுவதேயில்லை. தம்மவருக்கு 1 கேட்கும் கட்சிகள் இதனை விளக்கிக் கூற விரைவனவோ?

"எஞ்சினோருள் ஒருவரையும் யான் விரும்பேன், ஆதலால் எழுதேன்" என்பார்க்கு நாம் மறுமொழி கூறோம். தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரன் அவர்களுக்கு வாக்களித்த 2 இலட்சத்துக்கு மேற்பட்டோருள்ளும் அவ்வாறு துணிந்தவர் பலர் இருந்திருக்கலாம். அறிந்து காக்கும் மௌனம் உரிமையேயாம். அறியாமையால் நேரும் மௌனமோ இழப்பாகும். வெறுங்கட்டத்தைப் பார்த்து இவ்விரண்டையும் வேறுபிரித்தல் எவர்க்கும் இயலாது. அதுவே இதன் துன்பம்.

மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, அயலிலுள்ள முதியோர்க்கு இம்முறையைக் கால்நாழிகை எடுத்துரைமின். எவருக்கு எழுத வேண்டும் என்பது நம் வேலையன்று. எழுதாது விடுபவரும் அறிந்தே விடுக என்பதே நம் வேண்டுகோள்.